உனக்கு ஒன்றுமில்லை

சென்ற மாதம் பைகிராப்ட்ஸ் ரோடில் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். (பாரதி சாலை என்று பெயர் மாற்றிப் பல காலம் ஆயிற்று, வாய்தான் மாற மாட்டேன் என்கிறது.) அப்போது ஒரு வாசகர் என்னைப் பிடித்துக்கொண்டார். மரியாதையான மனிதர். என் நாவல்களில் இரண்டை வாசித்தவர். அதில் ஒன்றை விலை கொடுத்தும் வாங்கியவர்.

"சார், நீங்கள் மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களாமே? சொல்லை நம்பிப் பிழைக்கிறவர் நீங்கள். யாரிடமாவது மனம்விட்டுப் பேசினால் தீர்ந்துவிடாதா?" என்றார்.

"தீராது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நடுத் தெருவில் அதற்கு மேல் பேச முடியவில்லை. மிச்சத்தை இங்கே சொல்லுகிறேன்.

நான்கு வருஷங்களுக்கு முன், பார்த்தசாரதி கோயில் சித்திரைத் தேர்க் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு அது முதன்முதலில் வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்தன. மூச்சு மேலே ஏற மறுத்தது. செத்துவிட்டேன் என்றே தீர்மானித்தேன். ஆட்டோவில் போட்டு ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இளம் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு ஒன்றுமில்லை, சார்."

இந்த 'ஒன்றுமில்லை'யை நான் வாழ்நாளில் மன்னிக்கப் போவதில்லை. வீட்டில் அதையே சந்தோஷ சமாசாரமாகச் சொன்னார்கள். என் அக்கா ஒரு படி மேலே போய், "பாரதி குடியிருந்த தெருவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உனக்குப் பயமாடா?" என்று கேட்டாள். அது பாம்பில்லை, கயிறு என்று சொன்னவுடன் பயம் போய்விடும் என்பார்கள் வேதாந்திகள். என் இருதயம் வேதாந்தம் படித்ததில்லை.

சின்ன வயசில் நான் பயந்து அலறினால், "குழந்தைக்குப் பயந்த கோளாறு" என்று அம்மா தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் வாசலில் நின்று மந்திரித்துக்கொண்டு வருவாள். அந்த மந்திரத்துக்கு என்ன சக்தியோ, எனக்குத் தெரியாது. ஆனால் அவள் ஒரு நாளும் 'ஒன்றுமில்லை' என்று சொன்னதில்லை. மீசை முளைத்தவனுக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது.

டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு மாத்திரை அட்டையும் எழுதிக் கொடுத்திருந்தார். அல்ப்ரசோலம். அரை மணியில் சொர்க்கம்! 1960-ல் லிப்ரியம், 1963-ல் வாலியம் என்று சந்தைக்கு வந்த குடும்பத்தின் வாரிசு அது. முதல் மாதம் ஒன்று. மூன்றாம் மாதம் இரண்டு. மருந்துக் கடைக்காரர் சீட்டுக் கேட்கவேயில்லை. 2014 மார்ச்சிலிருந்து இந்த மாத்திரையை விற்றால் எழுதிக் கொடுத்த டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனி ஏட்டில் பதிந்து, அந்த ஏட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். அந்தக் கடையில் நான் பார்த்த ஒரே ஏடு கடன் ஏடுதான். பிறகு ஒரு நாள் வீறாப்பாக எல்லாவற்றையும் சட்டென்று நிறுத்தினேன். பயம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது; தூக்கம் போயிற்று; கை நடுக்கத்தில் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

மாத்திரையை வெறுக்கிறவர்கள் இந்த இடத்தில் கை தட்டுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதன் பிறகு நான் பார்த்த மனநல வைத்தியர் கொடுத்தது வேறு ஜாதி மருந்து. எஸ்கிடலோப்ராம் என்று பெயர். அது அரை மணியில் எந்தச் சொர்க்கத்தையும் காட்டவில்லை. முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது. மூன்றாவது வாரம்தான் ஏதோ வித்தியாசம் தெரிந்தது. போதையில்லை, மயக்கமில்லை. பழைய மாத்திரையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டி, 'மாத்திரை பழகிவிடும்' என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பது படித்தவர்கள் செய்கிற அநியாயம். படிக்காதவர்களுக்காவது ஒரு காரணம் உண்டு. 1871-லிருந்து கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் பேட்டைப் பெயரையே இந்த ஊர் வசவாக்கி வைத்திருக்கிறது. மாத்திரை என்றவுடன் அவர்களுக்கு அந்த வசவு காதில் விழுகிறது.

இனிப் பேச்சு. அதையும் செய்தேன், ஐயா! மனநல ஆலோசகரான ஓர் அம்மாளிடம் வாரம் ஒரு முறை போனேன். எனக்குக் கதை சொல்லத் தெரியும் என்ற கர்வம். அப்பாவின் கோபம், இருட்டு மாடிப்படி, பரீட்சையில் தோற்றது என்று இரண்டு அமர்வுகளில் ஒரு நாவலே சொல்லிவிட்டேன். அந்த மாடிப்படியில் பாதி என் கற்பனை. அந்த அம்மாள் முழுக்கக் கேட்டார். பிறகு, "நன்றாக இருக்கிறது. நாளைக்குக் கூட்டமான பஸ்ஸில் ஏறுங்கள். நெஞ்சு அடித்துக்கொண்டாலும் ஆறு நிறுத்தம் வரை இறங்கக் கூடாது. பயம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம்!

மூன்று முறை ஐஸ் ஹவுஸ் தாண்டுவதற்குள் குதித்து இறங்கினேன். நான்காவது முறை இறங்கவில்லை. பதினான்கு நிமிஷம் அடித்துக்கொண்ட நெஞ்சு, தானாகவே ஓய்ந்தது. என் புலமையெல்லாம் செய்யாததை அந்தப் பதினான்கு நிமிஷம் செய்தது. பேச்சு வைத்தியம் என்றால் மனசைத் திறந்து கொட்டுவது என்று வாசகர் நினைக்கிறார். எனக்கு அது பஸ் டிக்கெட்டாகத்தான் வந்தது.

மாத்திரை இல்லாமல் நான் அந்தப் பஸ்ஸில் ஏறியிருப்பேனா? தெரியாது. பஸ் இல்லாமல் மாத்திரை மட்டும் போதுமாக இருந்திருக்குமா? அதுவும் தெரியாது. இந்த மாதிரிப் பயிற்சியின் பலன், முடித்த பிறகும் நிற்பது அதிகம் என்கிறார்கள். மருந்தைப் பாதியில் விட்டால் பயம் திரும்பும் என்கிறார்கள். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனில் 2011-ல் டாக்டர்களுக்கு வெளியிட்ட நெறிமுறை, நோய் முற்றிய நிலையில் இரண்டில் எது வேண்டும் என்று நோயாளியையே கேட்கச் சொல்லுகிறது. அல்ப்ரசோலம் ரகத்தை மட்டும், நெருக்கடியில் சில நாள் தவிர, கொடுக்காதே என்கிறது.

கேட்கச் சொல்லுகிறது! நம் ஊரில் யாரை யார் கேட்பது? அந்த அம்மாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். பன்னிரண்டு வாரம் கொடுத்தேன். ஒரு நாவலின் முன்பணம் அதில் போயிற்று. எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள மேன்ஷனில், அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிற பையன் ஒருவன் மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். அவனுக்கும் இதே நோய். அவனுக்குக் கிடைப்பது 'ஒன்றுமில்லை'யும் அந்த அட்டையும்தான். 'மாத்திரையா, பேச்சா' என்று பட்டிமன்றம் நடத்துகிற நாம் அவனைச் சபைக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேசுகிறோம்.

வழி இல்லாமல் இல்லை. கோவாவில் 24 சிகிச்சை நிலையங்களில், உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வும் பயமும் உள்ளவர்களோடு பேச வைத்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மருந்தும் கொடுத்தார்கள். முடிவு 2010-ல் வெளியாயிற்று. அரசாங்க நிலையங்களில் குணமானவர்கள் அதிகம். தனியார் டாக்டர்களிடம் அப்படி வித்தியாசம் இல்லை. ஏழைக்குத்தான் அது அதிகம் பயன்பட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஜிம்பாப்வேயில் பாட்டிமார்களை மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்து இதையே செய்தார்கள். அதையும் பரிசோதித்து 2016-ல் பலன் உண்டென்று எழுதினார்கள். திருவல்லிக்கேணியில் பாட்டிகளுக்கா பஞ்சம்? அறிவுரை சொல்வதை நிறுத்தக் கற்றுக் கொடுக்க வேண்டும், அதுதான் கஷ்டம். அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. மாநகராட்சி ஆஸ்பத்திரியில் ஒரு பெஞ்சு போட இன்னொரு சட்டமா வேண்டும்?

அந்தப் பையன் நேற்றும் வந்தான். "யாரும் பார்க்காத இடமாகச் சொல்லுங்கள், சார்" என்றான். அப்படி ஓர் இடம் எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை அவனோடு நானே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சீட்டு வாங்க ஏழு மணிக்கே வரிசையில் நிற்க வேண்டுமாம். பஸ்ஸில்தான் போகப் போகிறோம்.