மூக்கைத் தூக்கின பிக்கப்பும் ஒரு ஜாமீன் கையெழுத்தும்

முதல்லயே ஒரு டிஸ்கி. நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படிச்சுட்டு இருபது வருஷத்துக்கு மேல வங்கியில ஆணி புடுங்குறவன். தேனிப் பக்கத்துல இருந்து கிளம்பி, நாலஞ்சு ஊரு மாத்தல் வாங்கி, இப்போ பெங்களூர்ல குப்பை கொட்டிட்டு இருக்கேன். அதனால 'உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்'னு கேக்குறவங்களுக்கு இப்பவே பதில்: வண்டி தெரியாது, கணக்கு தெரியும். இந்தப் பதிவுக்கு கணக்கே போதும்.

மேட்டருக்கு வர்றேன். என் மச்சினன் (வீட்டம்மாவோட தம்பி) ஒயிட்ஃபீல்டுல சாஃப்ட்வேர்ல இருக்கான். போன வருஷம் ரெண்டு வரிசை சீட்டும் பின்னாடி தொட்டியும் இருக்குற பிக்கப் ஒண்ணு வாங்கினான். 2016-ல இசுசு வி-கிராஸ் வந்தப்புறமும், 2022-ல டொயோட்டா ஹைலக்ஸ் வந்தப்புறமும் நம்ம ஊர்ல இந்த ஜாதி வண்டி மேல ஒரு மயக்கம் வந்திருக்கு இல்லையா, அது. லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டது யாரு? அடியேன்தான். மாமான்னா சும்மாவா!

மூணு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்ல வந்து ஹாரன் அடிச்சான். "மாமா, வந்து பாருங்க. இப்ப கெத்தா இருக்கா?"

ஜே.சி. ரோடு பக்கம் ஒரு கடையில விட்டு, நாலு பெரிய டயர், புது அலாய் வீல், முன்னாடி லெவலிங் கிட்டுன்னு ஒண்ணு. மொத்தம் ஒரு லட்சத்து நாப்பதாயிரம். பிக்கப் எல்லாம் கம்பெனியில இருந்து வரும்போது மூக்கு கொஞ்சம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கித்தான் நிக்கும். அது அசிங்கமா இருக்காம். அதனால முன் சஸ்பென்ஷன் மேல ஒரு இரும்பு வில்லையை வெச்சு முன்பக்கத்தை ரெண்டு இஞ்ச் தூக்கிட்டாங்க. இப்போ வண்டி சமமா நிக்குது. அதான் லெவலிங்.

நான் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் மாப்ள, கம்பெனிக்காரன் பின்னாடி தூக்கி வெச்சது எதுக்கு?"

"அது டிசைன் மாமா. பழைய டிசைன்."

இங்கதான் எனக்குப் பொறுக்கலை. எங்க ஊர்ல இந்தக் கேள்வியை பொலேரோ பிக்கப்புல வாழைத்தார் ஏத்துற பையன்கிட்ட கேட்டா கண்ணை மூடிக்கிட்டு பதில் சொல்லுவான். பின்னாடி இருக்குறது கமான் பட்டை. தொட்டியில லோடு ஏறினா பட்டை அமுங்கும், பின்பக்கம் இறங்கும். அப்போ வண்டி சமமா நிக்கணும்னுதான் காலியா இருக்கும்போது பின்னாடி தூக்கலா வெச்சிருக்கான். அதாவது அந்த உயரம் லோடுக்காக ஒதுக்கி வெச்ச ப்ரொவிஷன். நம்ம பாஷையில சொன்னா, வரப்போற செலவுக்கு எடுத்து வெச்ச பணம். அதை 'சும்மாதானே கிடக்கு'ன்னு எடுத்து டிரெஸ் வாங்கிட்டான் மச்சினன். லோடு ஏறுற அன்னிக்கு என்ன ஆகும்? அதைப் பின்னாடி சொல்றேன்.

மொதல்ல டயர் கணக்கு. பழசு 245/70 ஆர்16. புதுசு 265/75 ஆர்16. இதுல முதல் எண் டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது எண், அந்த அகலத்துல எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம்னு. கடைசி எண் ரிம்மோட விட்டம், இஞ்ச்ல. கால்குலேட்டரை எடுங்க. பழைய டயரோட முழு விட்டம் ஏறக்குறைய 749 மி.மீ. புதுசு 804 மி.மீ. வித்தியாசம் 7 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல.

ஏழு சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க. ஏழு சதவீத வட்டிக்கு எத்தனை பேர் என் மேஜைக்கு முன்னாடி சண்டை போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியும் :-)

வீல் ஒரு சுத்து சுத்தினா வண்டி இப்போ ஏழு சதவீதம் கூட ஓடுது. மீட்டருக்கு அது தெரியாது, அது சுத்தைத்தான் எண்ணுது. மீட்டர்ல 1,00,000 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி முன்னைக் கணக்குக்கு 1,07,000-க்கு மேல ஓடியிருக்கும். ஆயில் மாத்துறது தள்ளிப் போகும். விக்கும்போது வாங்குறவனுக்கு குறைச்சுக் காட்டுது. அக்கவுண்ட்ஸ்ல இதுக்குப் பேரு விண்டோ டிரெஸ்ஸிங். 'மைலேஜ் குறைஞ்சிடுச்சு மாமா'ன்னு மச்சினன் புலம்பினதுல பாதி நிஜம், பாதி இந்த மீட்டர் பண்ற வேலை.

வேகத்துக்கும் அதே கதை. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைச்சுக் காட்டவே கூடாதுங்கறது ஐ.நா.வோட வாகன விதி 39. அதனாலதான் கம்பெனி மீட்டர் எல்லாம் ஒரு மார்ஜின் வெச்சு கூட்டிக் காட்டும். பெரிய டயர் அந்த மார்ஜினைத்தான் முதல்ல தின்னும். தொப்பூர் கணவாய் இறக்கத்துல மார்ஜின் இல்லாம இறங்கிப் பாருங்க, தெரியும்.

பிரேக்? பிரேக் டிஸ்க் அதே சைஸ்தான். டயர் பெருசான அளவுக்கு அதே மிதிக்கு தரையில கிடைக்குற பிடி குறையும். டயரும் ரிம்மும் கனம் வேற. கியர் விகிதமும் அதே மாதிரி அடி வாங்கும், ஏத்தத்துல இழுவை குறையும். முன்னாடி தூக்கினதால வீலுக்குப் போற ஆக்ஸில் தண்டும் பால் ஜாயிண்ட்டும் கோணலா வேலை செய்யும், தேய்மானம் கூடும். மறுபடி அலைன்மென்ட் பண்ணலைன்னா புது டயர் ஒரு ஓரமா தேயும்.

இதையெல்லாம் சொன்னா வர்ற முதல் பதில்: "பெங்களூர் ரோடு பள்ளம் மேடு மாமா, கிரவுண்ட் கிளியரன்ஸ் வேணும்." சரி, அதையும் பாத்துடுவோம். பிக்கப்புல பின்னாடி தரைக்குப் பக்கத்துல தொங்குறது ஆக்ஸில் நடுவுல இருக்குற அந்த உருண்டை. அதோட உயரத்தை லெவலிங் கிட் ஒரு மில்லிமீட்டர் கூட மாத்தாது, ஏன்னா கிட் இருக்குறது முன்னாடி. பெரிய டயர் மாத்தும், எவ்வளவு? விட்டம் கூடினதுல பாதி. 27 மி.மீ. ஒரு இஞ்சுக்கு கொஞ்சம் மேல. அதுக்கு ஒரு லட்சத்து நாப்பதாயிரம். சில்க் போர்டு சிக்னல்ல அரை மணி நேரம் நிக்கறதுக்கு ஒரு இஞ்ச் உயரம் எதுக்குன்னு எனக்குப் புரியவே இல்லை.

இப்போ லோடு கதைக்கு வர்றேன். இது கணக்கு இல்லை, கண்ணால பாத்தது.

பொங்கலுக்கு எல்லாரும் அவன் வண்டியிலதான் ஊருக்குப் போனோம். திரும்பும்போது மாமியார் கையை வெச்சுக்கிட்டு சும்மா இருப்பாங்களா? பத்து சிப்பம் அரிசி, தேங்காய் மூட்டை, ரெண்டு வாழைத்தார், எண்ணெய் டின். முந்நூறு கிலோவுக்குக் குறையாது. பின்பக்கம் நல்லா அமுங்கிடுச்சு. மூணு மணி விடியக்காலையில பெரியகுளத்துல இருந்து கிளம்பினோம்.

தேவதானப்பட்டி தாண்டினதுல இருந்து எதிர்ல வர்ற லாரி எல்லாம் லைட்டை மினுக்கு மினுக்குன்னு மினுக்கறான். "லோ பீம்லதானே இருக்கேன், இவனுங்களுக்கு என்ன வந்துச்சு?"ன்னு மச்சினன் திட்டிக்கிட்டே ஓட்டறான். நானும் தூக்கக் கலக்கத்துல ஆமாம் போட்டேன்.

வத்தலக்குண்டுக்கு முன்னாடி ஒரு பெரியவர் எதிர்ல டி.வி.எஸ். வண்டியில வந்தாரு. நிலக்கோட்டை சந்தைக்கு பூ கொண்டு போறவர்னு அப்புறம்தான் தெரிஞ்சது. முன்னாடி ஒரு மூட்டை, பின்னாடி ஒரு மூட்டை. எங்க வெளிச்சம் பட்டதும் ஒரு கையை எடுத்துக் கண்ணை மறைச்சாரு. அவ்வளவுதான், வண்டி ரோட்டை விட்டு இறங்கி மண்ணுல சரிஞ்சு விழுந்துட்டாரு.

நிறுத்தி ஓடினோம். நல்லவேளை, முழங்கையில சிராய்ப்பு, முட்டியில அடி. மல்லிப்பூ மூட்டை பிரிஞ்சு மண்ணுல கொட்டிக் கிடக்கு. அவரு எங்களைத் திட்டலை. உக்காந்த மேனிக்கு பூவை அள்ளிக்கிட்டே, "ஒண்ணுமே தெரியலப்பா, ஒண்ணுமே தெரியல"ன்னு மட்டும் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரலை, 'சந்தை முடிஞ்சுடும்'னாரு. பூவுக்கு காசு கொடுத்தோம். வாங்கிக்கிட்டாரு. அதோட கணக்கு தீந்துச்சுன்னு என்னால நினைக்க முடியலை.

பெங்களூர் வந்ததும் ஒரு பேப்பரை எடுத்துப் போட்டேன். லோ பீம் விளக்கை ஏறக்குறைய ஒரு சதவீதம் கீழே பார்க்குற மாதிரிதான் வைப்பாங்க. அதாவது 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும். இந்த வண்டியில முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல சுமார் 3 மீட்டர். முன்பக்கத்தை 5 செ.மீ. தூக்கினா 300-க்கு 5, ஒன்றரை சதவீதத்துக்கு மேல. கீழே பாத்த விளக்கு இப்பவே மேலே பாக்குது! அதுக்கு மேல லோடு ஏறி பின்னாடி ஒரு 5 செ.மீ. இறங்கினா, இன்னொரு ஒன்றரை. 50 மீட்டர் தள்ளி வர்றவருக்கு அந்த வெளிச்சத்தோட மேல்விளிம்பு விளக்கு உயரத்தை விட ஒரு மீட்டருக்கு மேல போயிருக்கும். டி.வி.எஸ்.ல உக்காந்திருக்குறவர் கண்ணு அதுக்குக் கீழே, முழு வெளிச்சத்துல இருக்கு. லோ பீம்னு பேரு, வேலை ஹை பீம் வேலை.

ஸ்டியரிங் பக்கத்துல விளக்கைக் கீழே இறக்க ஒரு சின்ன உருளை இருக்குமே, அது லோடு ஏத்தும்போது திருப்பத்தான். மச்சினன் அதைத் தொட்டதே இல்லை. தொட்டிருந்தாலும் பத்தியிருக்காது. அது கம்பெனி நினைச்ச இறக்கத்துக்குத்தான். கிட்டோட ரெண்டு இஞ்சுக்கும் சேர்த்து இல்லை.

அமெரிக்காவைப் பாத்துத்தானே இந்த ஃபேஷன் வந்துச்சு? அங்க இதையே முத்த விட்டு, மூக்கு வானத்தைப் பாக்குற மாதிரி தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாங்க. 2021-ல வட கரோலினா தடை போட்டுச்சு, முன் ஃபெண்டர் பின்னதை விட 4 இஞ்ச் உயரக் கூடாதுன்னு. 2022-ல வர்ஜீனியாவும் தடை போட்டுச்சு. பிக்கப்போட தாய்வீட்டிலேயே இந்தக் கதி.

நம்ம சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு: கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில கேரளாவில இருந்து போன ஜெயச்சந்திரா வழக்குல உச்ச நீதிமன்றமும் இதையே தெளிவா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு: உரிமையாளர் பண்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்.

சட்டம் இருந்து என்ன பிரயோஜனம்? கறுப்பு ஃபிலிமைக் கிழிக்குறாங்க, நம்பர் பிளேட் எழுத்தை அளக்குறாங்க. கண்ணைக் குருடாக்குற விளக்கை அளக்க ரோட்டுல ஒரு ஆள் இல்லை. இன்னொரு பக்கம், உருப்படியா பண்ணணும்னு நினைக்குறவனுக்கும் வழி இல்லை. ஆஸ்திரேலியாவில ஒரு அளவுக்கு மேல உயர்த்தினா பொறியாளர் சான்று வாங்கணும். அங்க மாத்துறவன் பதில் சொல்லியாகணும். இங்க சி.என்.ஜி. கிட்டுக்கு அங்கீகாரமும் பதிவும் உண்டு, இதுக்கு எதுவும் கிடையாது. மொத்தமா தடைன்னு எழுதி வெச்சுட்டு, மொத்தமா கண்ணை மூடிக்கிட்டா கடைக்காரன் ராஜ்யம்தான். பில்லுல 'ஆக்சஸரீஸ்'னு ஒரு வரி, அதோட அவன் பொறுப்பு முடிஞ்சது.

பொறுப்பு யாருக்குன்னு நான் சொல்றேன். லோன்ல வாங்கின வண்டி வங்கிக்கு ஈடு. அனுமதி இல்லாம மாத்த மாட்டேன்னு நீங்க கையெழுத்து போட்ட பத்திரத்துலயே இருக்கும், எடுத்துப் படிங்க (யாரும் படிக்க மாட்டீங்க, தினமும் பாக்குறேன்). இன்ஷூரன்ஸ்காரருக்கும் சொல்லியிருக்க மாட்டீங்க. விபத்துன்னு வந்தா சர்வேயர் முதல்ல பாக்குறது இதைத்தான். க்ளெய்ம் நின்னுபோச்சுன்னா வண்டியும் இல்ல, பணமும் இல்ல, இ.எம்.ஐ. மட்டும் இருக்கும். அப்புறம் ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸை இத்தனை வருஷமா டைப் அடிச்சு அனுப்புறவனே நான்தான்!

காட்டுக்குள்ள, எஸ்டேட்டுக்குள்ள நிஜமாவே ஓட்டுறவங்க உண்டு. அவங்ககிட்ட எனக்குச் சண்டை இல்லை. அவங்க விளக்கைத் திருப்பி செட் பண்ணுவாங்க, அலைன்மென்ட் பாப்பாங்க, லோடு என்னன்னு தெரிஞ்சு பண்ணுவாங்க. ஒயிட்ஃபீல்டுல இருந்து மாலுக்குப் போறவனுக்கு இது வேணாம். அவ்வளவுதான் சொல்றேன்.

மச்சினன் அடுத்த வாரமே கிட்டைக் கழட்டிட்டான். விளக்கையும் செட் பண்ணிட்டான். டயரை மட்டும் 'தேய்ஞ்சதும் பழைய சைஸே போடறேன் மாமா'ன்னு சொல்லியிருக்கான். நம்பிக்கை இல்லை, பாப்போம். அந்த இரும்பு வில்லை ரெண்டும் எங்க வீட்டுப் பரண்லதான் இருக்கு. யாருக்காவது வேணும்னு கேட்டுடாதீங்க, தர மாட்டேன்.

பி.கு.: ஏற்கனவே மாட்டினவங்க இன்னிக்கு ராத்திரி ஒரு காரியம் பண்ணுங்க. தொட்டியில நாலு பேரை உக்கார வெச்சு, லோ பீம் போட்டு, வண்டியை அப்படியே நிறுத்தி வைங்க. ஐம்பது அடி தள்ளிப் போய் ஒரு ஸ்கூட்டர் மேல உக்காந்து உங்க வண்டியை நீங்களே பாருங்க. கண்ணைத் திறந்து வெச்சிருக்க முடிஞ்சா, கமெண்ட்ல வந்து என்னைத் திட்டுங்க. வாங்கிக்கறேன்.