பல்கலைக்கழகத்தின் பெயரா, கற்கைநெறியின் தரமா?

யூலை 15 நெருங்கும் காலங்களில் எம்மவர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான் எழுகின்றது. அபித்தூர் முடித்த பிள்ளை எங்கே படிக்கப் போகின்றது என்பதே அது. மாணவர் தொகை மட்டுப்படுத்தப்பட்ட கற்கைநெறிகளுக்கு, மாரிகாலப் பருவத்துக்கான விண்ணப்ப முடிவு நாள் அதுவாகும். அந்நாட்களில் "என்ன படிக்கப் போறாய்?" எனக் கேட்போரிலும் "எந்த யூனி?" எனக் கேட்போரே அதிகம். ஹைடல்பேர்க் என்றால் கேட்டவர் முகம் மலர்கின்றது. பெயர் கேள்விப்படாத சிறு நகரொன்றைச் சொன்னாலோ, "ஏன், வேறையிடம் கிடைக்கேல்லையோ?" என்ற வினா உடனே வருகின்றது.

இம்மனப்போக்குக்கு ஒரு வரலாறு உண்டு. தாயகத்தில் பல்கலைக்கழகத்தை நாம் தெரிந்தெடுக்கவில்லை. பல்கலைக்கழகமே எம்மைத் தெரிந்தெடுத்தது. இடங்களோ சில, போட்டியிட்டோரோ பலர். 1970களில் தரப்படுத்தல் வந்தபின் அவ்வாயில் மேலும் ஒடுங்கிற்று. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்படும்வரை வடபுலத்தில் ஒரு பல்கலைக்கழகந்தானும் இருக்கவில்லை. ஆதலால் பேராதனை என்ற பெயரே ஒரு குடும்பத்தின், ஏன், ஓர் ஊரின் வெற்றியாயிற்று. அந்நாளில் அது நியாயமான பெருமையே. ஆயின், அதே அளவுகோலால் இந்நாட்டின் உயர்கல்வியை அளக்க முற்படும்போது எமது பிள்ளைகளே இடர்ப்படுகின்றனர்.

இங்கு "எலிற் யூனி" என்று பலரும் சொல்கின்றனர். அந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது? மத்திய, மாநில அரசுகள் நடத்திய தேர்வொன்றில் 2006இல் மியூனிச் நகரின் இரு பல்கலைக்கழகங்களும் கால்ஸ்றூவும் முதலில் தெரிவாகின. அடுத்த ஆண்டில் பிறைபேர்க், கோட்டிங்கன், ஹைடல்பேர்க் உள்ளிட்ட ஆறு சேர்ந்தன. 2012இல் கால்ஸ்றூ, பிறைபேர்க், கோட்டிங்கன் ஆகிய மூன்றும் அத்தகுதியை இழந்தன. 2019இல் கால்ஸ்றூ அதனை மீண்டும் பெற்றது. இந்த ஏற்ற இறக்கங்களால் அங்கே முதலாம் ஆண்டு மாணவனுக்குக் கற்பிக்கப்பட்ட கணிதம் ஓரிரவில் தாழ்ந்துவிடவுமில்லை, உயர்ந்துவிடவுமில்லை. ஏனெனில் அத்தேர்வு ஆராய்ச்சியின் சிறப்பையே அளந்தது, வகுப்பறையை அன்று.

மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். எம்மவர் கனவுகளில் முதலிடம் பெறுவது அதுவே. ஆனால் மருத்துவருக்கான அரசுப் பரீட்சையின் எழுத்து வினாத்தாள்கள் மைன்ஸ் நகரிலுள்ள ஒரே நிறுவனத்தில் தயாரிக்கப்பட்டு, நாடெங்கும் ஒன்றாகவே வழங்கப்படுகின்றன. எங்கே படித்தாலும் அந்தத் தாளையே எழுதவேண்டும். அவ்வாறிருக்க, ஊர்ப்பெயருக்காக ஒரு பிள்ளையைக் கலங்கவைப்பதில் பயனென்ன?

நுமெறுஸ் கிளவுசுஸ் எனும் வெட்டுப்புள்ளியும் எம்மை மயக்குகின்றது. கடும் புள்ளி கேட்கும் இடமே சிறந்த இடம் எனக் கருதுகின்றோம். அப்புள்ளி, இருந்த இடங்களுக்கு எத்தனை பேர், எத்தகைய பெறுபேறுகளுடன் விண்ணப்பித்தனர் என்பதன் விளைவு மட்டுமே. பலரும் விரும்பும் பெருநகரில் அது ஏறும்; ஒதுங்கிய நகரில் அது இறங்கும்.

இன்னுமொன்று: பாக்கோக்சூல எனும் பிரயோக விஞ்ஞான உயர்கல்வி நிறுவனங்களை எம்மவர் இரண்டாந்தரமாக நோக்குகின்றனர். அங்கு பேராசிரியராவதற்குப் பொதுவாகப் பல்லாண்டு தொழில் அனுபவம் வேண்டும். வகுப்புகள் சிறியவை, தொழிற்சாலைப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே உண்டு. இளமாணிப் பட்டம் பெற்றபின், உரிய நிபந்தனைகளை நிறைவேற்றிப் பல்கலைக்கழகத்தில் முதுமாணி கற்கவும் வழியுண்டு. 2016இல் புல்டா நகரின் நிறுவனம் கலாநிதிப் பட்டம் வழங்கும் உரிமையையும் பெற்றது. இயந்திரங்களைக் கையாள விரும்பும் பிள்ளையை, பெயருக்காக வேறிடம் அனுப்பி இரண்டாண்டுகளில் மனமுடைந்து திரும்பச் செய்வது என்ன நீதி? பாடத்தைப் பிந்தி மாற்றினால் பாவெக் உதவியும் நின்றுபோகக் கூடும்.

செலவையும் எண்ணவேண்டும். பெற்றோருடன் வாழாத மாணவருக்குப் பாவெக்கில் தங்குமிடத்துக்கென வழங்கும் தொகை 2024இல் 380 யூரோவாக உயர்த்தப்பட்டது. மியூனிச்சாயினும் கெம்னிட்ஸாயினும் அது ஒன்றே. வாடகையோ ஒன்றன்று. அந்த இடைவெளியை நிரப்புபவர், உணவகத்தில் இரவுவேலை செய்யும் தந்தையும் அதிகாலையில் துப்புரவுப் பணிக்குச் செல்லும் தாயுமே.

பெயருக்கு மதிப்பேயில்லை என நாம் கூறவில்லை. ஆராய்ச்சித் துறையில் நிலைக்க விரும்புவோர்க்கும், பின்னர் இங்கிலாந்து, அமெரிக்கா செல்ல எண்ணுவோர்க்கும் அது துணைசெய்யும். ஆனால் அங்கும், அத்துறையின் பெயரே பெரிதும் நோக்கப்படும்.

ஆகவே பெற்றோர் செய்யத்தக்கவை சில. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் மொடூல் கைந்நூல் உண்டு. எந்தப் பருவத்தில் எந்தப் பாடம், எத்தனை மணி, எவ்வகைப் பரீட்சை என்பன அதில் உள. அதைப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்துத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். விளங்கப்படுத்தும்போதே பிள்ளையின் ஆர்வம் வெளிப்பட்டுவிடும். 1998 முதல் வெளிவரும் செ.ஹா.எ. மதிப்பீட்டையும் பாருங்கள். அது பல்கலைக்கழகங்களை ஒன்று, இரண்டு என வரிசைப்படுத்துவதில்லை. துறை துறையாக, மாணவரின் கருத்தையும் கேட்டே மதிப்பிடுகின்றது. இயன்றால் நேரிற் சென்று, மூன்றாம் பருவத்தில் உள்ள மாணவர் ஒருவருடன் பிள்ளையைப் பேசவிடுங்கள்.

கொண்டாட்ட வீடுகளில் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்வதற்கு அரை நிமிடம் போதும். அங்கே அமர்ந்து படிப்பதற்கோ மூன்று, நான்கு ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகள் பிள்ளையினுடையவை என்பதை நாம் மறவாதிருப்போமாக.