எந்த ஓட்டுநரோடு ஒப்பிடுகிறோம்?

சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் சாலையைக் கடப்பவர் கையை உயர்த்திக்கொண்டு இறங்கிவிடுவார். வண்டலூரிலிருந்தும் கோவளத்திலிருந்தும் வந்து ஓஎம்ஆர் சாலையில் சேரும் ஐடி நிறுவனப் பேருந்து, தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் அந்தக் கைக்கு வேகத்தைக் குறைக்கும். ராங் சைடில் வரும் பைக்காரர் ஹெட்லைட்டை வெட்டிக் காட்டினால், ‘நான் வருகிறேன், ஒதுங்கு’ என்று பொருள். இதையெல்லாம் படித்து ஓட்டுபவர் நம் ஓட்டுநர். அவரைவிடக் கணினி பத்திரமாக ஓட்டுமா?

ஓட்டும் என்கிறது அமெரிக்கக் கணக்கு. வேமோ நிறுவனத்தின் ஓட்டுநரில்லா கார்கள் ஓடிய 2.53 கோடி மைல்களை ஸ்விஸ் ரீ காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். மனிதர்கள் ஓட்டும் வண்டிகளைவிட, காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கை 92 சதவீதம் குறைவு என்று 2024இல் வெளியானது. வேமோவே பங்கேற்ற ஆய்வுதான். ஆனாலும் புறந்தள்ள முடியாது. இழப்பீட்டுக் கணக்குதான் காப்பீட்டுக்காரர்களின் பிழைப்பு. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டவர் ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஓட்டுநர்.

நம் ஓட்டுநர் எவ்வளவு மோசம்? 2022இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். சாவுகளை மக்கள்தொகையால் வகுக்கிறோம், பதிவான வண்டிகளால் வகுக்கிறோம். வண்டிகள் ஓடிய கிலோமீட்டரால் வகுத்துப் பார்ப்பதில்லை. தராசில் ஒரு தட்டே இல்லை. எடை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சாகிறவர்களும் வேறு. அந்த ஆண்டு நாடு முழுவதும் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள், 19.5 சதவீதம் பேர் பாதசாரிகள். நடந்து கடப்பவரிடம் கணினி தடுமாறியதும் உண்டு. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பேயில், சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண்ணை உபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5 விநாடிக்கு மேல் இருக்கும்போதே கருவி அவரைக் கண்டுவிட்டது. வாகனமா, வேறு பொருளா, சைக்கிளா என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டிருந்தது. கடவைக் கோடு இல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்பதே அந்த மென்பொருளின் கணக்கில் இல்லை என்றது விசாரணை. கேளம்பாக்கத்தில் அப்படிக் கடக்காதவர் யார்? (காரில் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவரும் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.)

ஓட்டுநர்களின் வேலை போய்விடும், ஓட்டுநரில்லா கார்களை அனுமதிக்க மாட்டேன் என்றார் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, 2023இல். வேலை பற்றிய கவலை நியாயமானது; ஆனால் பாதுகாப்புக் கேள்விக்கு அது பதிலல்ல. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரவிருக்கும் மெட்ரோவுக்கும் ஓட்டுநர் தேவையில்லை. அதன் தண்டவாளத்தில் கை காட்டி இறங்க ஆளில்லை என்பதால் அது எளிது. சாலைக்கு முதலில் வேண்டியது கிலோமீட்டர் கணக்கு. விபத்து நடந்த இடத்தைப் பதிவுசெய்யும் ‘ஐராட்’ தரவுத்தளத்தை ஐஐடி மெட்ராஸ் ஏற்கெனவே உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. ஓஎம்ஆரில் படூர் முதல் திருப்போரூர் வரை தினமும் ஓடும் வண்டிகளையும் எண்ணி அதோடு சேர்த்தால், ஒப்பீட்டை இங்கிருந்தே தொடங்கலாம்.