பைன் காட்டை ஊராரிடம் கொடுங்கள்

கோடையில் உத்தராகண்ட் மலைகள் எரியத் தொடங்கியதும் பழி பைன் மரத்தின் மேல் விழுகிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. அங்குள்ள சீர் பைன், ஊசியிலைகளைக் கொட்டுவதே கோடையில்தான். ‘பிருல்’ என்று மலைமக்கள் சொல்லும் அந்தச் சருகு பிசின் ஏறியது. ஒரு பொறி போதும். தடித்த பட்டை பைனைக் காப்பாற்றிவிடும், பக்கத்தில் முளைத்த ஓக் கன்றோ கருகிவிடும். எரிந்த சரிவில் மறுபடி பைனே தலையெடுக்கும். குளிர்கால மழையும் பனியும் பொய்க்கும் ஆண்டுகளில் மண் முன்கூட்டியே காய்ந்து, தீயின் காலமும் நீள்கிறது. அதனால் பைனை வெட்டிவிட்டு ஓக் நடலாமே என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெயில் காயும் வறண்ட தென்சரிவுகளில் ஓக் எளிதில் பிடிப்பதில்லை, அங்கே மண்ணைப் பிடித்து நிற்பது பைன்தான். ஈரமான சரிவுகளில் தானாக முளைக்கும் ஓக் கன்றுகளைத் தீயிலிருந்து காத்தாலே பாதி வேலை முடிந்தது.

காப்பது யார் என்பதே என் கேள்வி. தீ வைப்பதே ஊர்க்காரர்கள்தானே, அவர்களிடமா காட்டைக் கொடுப்பது என்று வனத்துறையினர் கேட்கிறார்கள். பெரும்பாலான தீ மனிதர் கையால் மூள்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 1921-இல் இன்றைய உத்தராகண்டின் குமாவுன் பகுதி மக்கள் அரசை எதிர்த்துக் காடுகளை எரித்தபோது இலக்கானவை அரசு பிசினுக்காகக் காத்துவந்த பைன் காடுகள். தீவனமும் உரமும் தந்த ஓக் காடுகளை அநேகமாக அவர்கள் தொடவில்லை. தங்களுக்குப் பயன் இருந்த காட்டை அவர்கள் காத்தார்கள். அந்த எதிர்ப்பின் விளைவாகவே 1931-இல், ஊராரே காட்டை நிர்வகிக்கும் வன பஞ்சாயத்துகள் சட்டபூர்வமாயின. இன்று 11,000-க்கும் மேல் இருந்தும், பணத்துக்கும் அனுமதிக்கும் பல பஞ்சாயத்துகள் அதிகாரிகளையே எதிர்பார்த்திருக்கின்றன.

பிருலைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்குவதாக 2024-இல் மாநில அரசு அறிவித்தது நல்ல தொடக்கம். ஆனால் செங்குத்துச் சரிவில் சருகு வாரி, சுமந்து இறக்குவது கடும் உழைப்பு; அதில் பெரும்பங்கு பெண்களுடையது. எடைபோடும் இடம் தொலைவில் இருந்தாலோ பணம் தாமதித்தாலோ யாரும் வரமாட்டார்கள். வார முடியாத இடங்களில், தரை ஈரமாக இருக்கும் குளிர்காலத்தில் தீத்தடுப்புக் கோடுகளை ஒட்டிச் சருகை அளவாக எரிக்கலாம். இதனால் மண்ணுயிர்கள் பாதிக்கப்படும் என்ற அச்சம் நியாயமானது. கோடைத் தீ விளைவிக்கும் அழிவோடு ஒப்பிட்டால் ஏற்கத்தக்க இழப்பு இது. பிப்ரவரி 15-இல் தீப்பருவம் தொடங்குமுன் இந்த வேலைகளுக்கான கூலியும் முடிவெடுக்கும் உரிமையும் வன பஞ்சாயத்துகளின் கைக்கு வந்தாக வேண்டும்.