சத்தியம் ஒருவருக்கு, மன்னிப்பு இன்னொருவருக்கு

ஆயுதம் தூக்காதவனிடம் விசுவாசப் பிரமாணம் கேட்ட அரசே ஆயுதம் தூக்கிய தளபதிக்கு அமைச்சர் பதவி கொடுக்குமா என்று புலம்பெயர்ந்த அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இலங்கையில் கொடுத்தார்கள்.

1983 ஆகஸ்ட் 8ஆம் திகதி சான்றுரைக்கப்பட்ட ஆறாவது திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளின் கரி இன்னும் கழுவப்படாத நாட்கள் அவை. எரித்தவனைத் தேடவேண்டிய பாராளுமன்றம், எரிக்கப்பட்டவனிடம் விசுவாசத்தை எழுதி வாங்கச் சட்டம் செய்தது. தனிநாட்டை நாட்டுக்குள்ளோ வெளியிலோ, நேராகவோ மறைமுகமாகவோ ஆதரியேன் என்று பாராளுமன்ற உறுப்பினரும் அரச உத்தியோகத்தரும் சத்தியம் செய்யவேண்டும். மீறினால் ஏழாண்டு வரை குடியியல் உரிமை போகும், சொத்தும் பறிமுதலாகும்.

1977இல் 18 ஆசனங்களை வென்று எதிர்க்கட்சியாக அமர்ந்த தமிழர் விடுதலைக் கூட்டணி சத்தியம் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தது. இதனால் புலிகளுக்கு என்ன நட்டம்? அவர்கள் பாராளுமன்றத்தில் இருந்தவர்கள் அல்லரே. பேசத் தெரிந்தவர்கள் வெளியேற்றப்பட்ட இடத்தைத் துவக்கு நிரப்பியது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கத்தை 1989 ஜூலை 13இல் இதே கொழும்பில் வைத்துப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அரசின் ஏட்டில் அவர் பிரிவினைவாதி, புலிகளின் ஏட்டில் துரோகி.

சரி, சத்தியம் வாங்கியபின் அரசு எம்மை நம்பியதா? 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களிலிருந்து தமிழர்களை பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லையாம்! வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயண அலுவலுக்கும் வந்தவர்கள் வவுனியாவில் இறக்கப்பட்டார்கள். அன்று செய்தி மேசையில் இருந்த நான், சொந்த நாட்டின் தலைநகரிலிருந்து ‘நாடு கடத்தல்’ என்பதற்கு வேறு சொல் தேடி ஓய்ந்தேன். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

தெற்கின் கதை வேறு. 1971 ஏப்ரலில் பொலிஸ் நிலையங்களைத் தாக்கிய ஜே.வி.பி.யின் தலைவர் ரோகண விஜேவீர 1977இல் விடுதலையானார். 1982 ஜனாதிபதித் தேர்தலில் நின்று மூன்றாமிடம் பெற்றார். இரண்டாவது கிளர்ச்சியின் பேரழிவுக்குப் பின்னும் அக்கட்சி தேர்தலுக்குத் திரும்பியது. 2024 செப்டெம்பரில் அதன் தலைவர் ஜனாதிபதியானார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, மனதார வரவேற்கிறேன். “அவர்கள் நாட்டைப் பிரிக்கக் கேட்கவில்லையே” என்பார்கள். உண்மைதான், முழு நாட்டையுமல்லவா கேட்டார்கள்!

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 டிசம்பரில், லிங்கனும் விசுவாசப் பிரமாணம் கேட்டார். ஆனால் கேட்டது ஆயுதமேந்தியவர்களிடம். எடுத்தவர்களுக்கு மன்னிப்பும், அடிமைகள் நீங்கலாகச் சொத்துரிமையும் கிடைத்தன. (பின்னாளில் தெற்கத்திய வெள்ளையருக்குக் கிடைத்த தாராளமான மன்னிப்பு, விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை நட்டாற்றில் விட்டது என்பதையும் மறக்கலாகாது.)

இங்கே 2009 மே மாதத்துக்குப் பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கென்று வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, பொதுமன்னிப்புச் சட்டமும் இல்லை. கிழக்கின் தளபதியாயிருந்து 2004இல் பிரிந்த கருணாவோ 2008இல் பாராளுமன்ற உறுப்பினர், 2009 மார்ச்சில் தேசிய நல்லிணக்க அமைச்சர்! கட்டளையிட்டவருக்குக் கதிரை, கட்டளைக்குப் பணிந்த பிள்ளைக்கு முகாம்.

முகாமைவிட்டு வந்தபின்னாவது விட்டார்களா? 2018 நவம்பர் இறுதியில் வவுணதீவில் இரு பொலிஸார் கொல்லப்பட்டதும் ஒரு முன்னாள் போராளியைப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் அடைத்தார்கள். கொன்றது சஹ்ரானின் கும்பல் என்பது 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரே வெளிவந்தது. அவர் மே மாதம் வீடு திரும்பினார்.

மன்னிப்புச் சட்டம் எழுதத் தெரியாத அரசல்ல இது. தன் உத்தியோகத்தரை வழக்குகளிலிருந்து காக்க 1982இல் ஒரு சட்டம் செய்து, 1988இல் அதை நீட்டியும் கொண்டது. அந்தப் பேனாவால் இன்னொன்று எழுதட்டும்: சாதாரண போராளியாக இருந்தமைக்காக மட்டும் இனி எவரையும் கைது செய்யலாகாது என்று. பிள்ளைகளைப் பிடித்துச் சென்றவர்களும், காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதவர்களைச் சுட்டவர்களும், சரணடைந்தோரைக் காணாமலாக்கிய சீருடைக்காரர்களும் அதற்குள் வரக்கூடாது.