தொழில்நுட்பக் கல்வியும் தமிழ்மொழி மூல ஆசிரியர்களும்

கல்வியில் தொழில்நுட்பத்தின் பயன்பாடு குறித்து அண்மையில் கொழும்பில் இடம்பெற்ற ஆசிரியர் மாநாடொன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. காலை அமர்வுகள் அனைத்தும் செயற்கை நுண்ணறிவையும் திறன் வகுப்பறைகளையும் பற்றியவையாகவே அமைந்தன. பிற்பகல் கலந்துரையாடலில் மட்டக்களப்பு மாவட்டத்தின் பின்தங்கிய பகுதியொன்றிலிருந்து வந்திருந்த விஞ்ஞான ஆசிரியை ஒருவர் எழுந்து, காலையில் காண்பிக்கப்பட்ட பாடங்களில் தமிழில் எத்தனை உள்ளன எனக் கேட்டார். விரைவில் மொழிபெயர்க்கப்படும் என்பதே அவருக்குக் கிடைத்த பதிலாகும்.

இப்பதில் எமக்குப் புதியதன்று. 2000ஆம் ஆண்டுகளில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியுடன் பாடசாலைகள் பலவற்றில் கணினிக் கற்றல் நிலையங்கள் அமைக்கப்பட்டன. தமிழில் அறிவகம் என அழைக்கப்பட்ட 'நெனசல' நிலையங்கள் கிராமங்களுக்கும் சென்றதோடு, 2014இல் சர்வதேச விருதொன்றையும் பெற்றன. இவற்றின் பயனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் கருவிகளை வாங்குவதற்குக் காட்டப்பட்ட ஆர்வம், அவற்றைத் திருத்துவதிலோ அவற்றுக்கான பாடங்களைத் தமிழில் ஆக்குவதிலோ காட்டப்படவில்லை.

பாமினி எழுத்துருவை நினைவிலுள்ள ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். அதில் தட்டச்சு செய்யப்பட்ட வினாத்தாளை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். யூனிகோட் பரவுவதற்கு முன்னர் இரவிரவாக விழித்திருந்து தயாரித்த பயிற்சிகள் பல இவ்வாறே பயனற்றுப் போயின. சிங்கள ஆசிரியர்களுக்கும் இத்தகைய சிக்கல் இருந்தது என்பதை இங்கு குறிப்பிடுவதே நியாயமாகும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிலைமை மேலும் வெளிப்பட்டது. நேத்ரா அலைவரிசையில் தமிழ்ப் பாடங்கள் ஒளிபரப்பாகின. எனினும் அன்றாடக் கற்பித்தல் பெரும்பாலும் வட்ஸ்அப் குழுக்களிலேயே நடைபெற்றது. அதற்கான இணையச் செலவை ஆசிரியர் பலர் தமது சம்பளத்திலிருந்தே செலுத்தினர். லயன் அறையில் இருந்த ஒரேயொரு கையடக்கத் தொலைபேசியும் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிட, மாலைவரை காத்திருந்த மலையகப் பிள்ளைகள் உள்ளனர். சமிக்ஞை தேடி மாணவர் மரத்திலும் பாறையிலும் ஏறிய காட்சிகளை உலகமே கண்டது. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது அவர்களைச் சாடியவர்கள், அதற்கு முந்திய ஓராண்டுக்கும் மேலாக அக்கற்பித்தலின் செலவை யார் சுமந்தார்கள் எனக் கேட்டார்களில்லை.

தொழில்நுட்பத்தை ஐயத்துடன் நோக்க வேண்டும் என நாம் கூறவில்லை. தமிழ், முஸ்லிம் பாடசாலைகளுக்கே அதன் தேவை அதிகம் எனலாம். மூதூரிலோ முசலியிலோ பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையொன்றுக்கு, யாழ்ப்பாணத்திலோ கல்முனையிலோ உள்ள திறமையான ஆசிரியரின் பாடத்தைக் கொண்டுசெல்ல வேறு மலிவான வழி கிடையாது. ஆனால் அப்பாடத்தை யாராவது தமிழில் ஆக்கியிருக்க வேண்டும். வாரம் முழுவதும் நேரசூசி நிரம்பிய ஆசிரியர் அதனை எப்போது செய்வது? மொழிபெயர்ப்பை நம்பியிருந்தால், கலைச்சொல் சரியாக இருந்தும் பிள்ளைக்கு விளங்காத பாடங்களே கிடைக்கும்.

ஒவ்வொரு வலயத்திலும் சில ஆசிரியர்களை வாரத்தில் இரண்டு நாட்களேனும் வகுப்புக் கடமையிலிருந்து விடுவித்து இப்பணியில் ஈடுபடுத்துவது திறன் பலகைகளை வாங்குவதிலும் செலவு குறைந்ததாகும். மாகாணக் கல்வித் திணைக்களங்களே இதனைத் தொடங்கலாம். பதில் ஆசிரியரைக் கண்டுபிடிப்பது சிரமம் என அதிபர்கள் கூறுவர். அது உண்மையே. அதற்கான நியமனங்களையும் திட்டத்தின் செலவிலேயே சேர்க்க வேண்டும்.

தேநீர் இடைவேளையில் அந்த ஆசிரியையுடன் உரையாடினோம். தரம் 10 விஞ்ஞானத்தில் ஏறக்குறைய முப்பது பாடங்களைத் தனது தொலைபேசியிலேயே பதிவுசெய்து வைத்திருக்கிறார். அவற்றை ஏனைய பாடசாலைகளுக்கு வழங்க யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை அறியவே இம்மாநாட்டுக்கு வந்ததாகக் கூறினார். மாலையில் அவர் பஸ் ஏறும்வரை அதற்கான பெயரோ முகவரியோ அவருக்குக் கிடைத்திருக்கவில்லை.