ஜீப்புக்குப் பின்னால் ஒரு பெட்டி

டிரெய்லர் என்றதும் சினிமா என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். நான் சொல்வது நிஜ டிரெய்லர். இரண்டு சக்கரம், ஒரு இரும்புப் பெட்டி, முன்னால் ஏர்க்கால் மாதிரி ஒரு நீட்டல், அதன் நுனியில் ஒரு வளையம். முடிந்தது வண்டி. என்ஜின் கிடையாது, டிரைவர் கிடையாது, ஹார்ன்கூடக் கிடையாது.

யுத்தப் படங்களில் ஜீப்பைப் பார்த்திருப்பீர்கள். ஜீப்பில் மீசையோடு உட்கார்ந்திருக்கும் கர்னலையும் பார்த்திருப்பீர்கள். பின்னால் குதித்துக் குதித்து வரும் அந்தப் பெட்டியை யாராவது பார்த்ததுண்டா? துப்பாக்கி ரவை, தண்ணீர் டின், கூடாரம், ஒயர்லெஸ் பாட்டரி, கர்னலின் டீ உட்பட எல்லாம் அதில்தான் வந்தது. 1944 செப்டம்பரில் ஹாலந்தில் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்க பிரிட்டிஷ் வான்படை வீரர்கள் இறங்கினார்களே, அப்போது ஹோர்ஸா என்று ஒரு கிளைடர். பெரும்பாலும் மரம். இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். அதன் வயிற்றுக்குள் ஒரு ஜீப், ஒரு டிரெய்லர். என்ஜின் இல்லாத விமானத்துக்குள் என்ஜின் இல்லாத வண்டி!

இந்தப் பெட்டிகளைத் தேடிப் பிடித்து, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்துப் பாதுகாப்பதற்கென்றே இங்கிலாந்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. என் அக்கா பையன் அதில் சேர்ந்துவிட்டான். ஷ்ராப்ஷயரில் எலும்பு டாக்டர். வார நாட்களில் எலும்பு, வாரக் கடைசியில் துரு.

நான் போயிருந்த சமயம், பக்கத்து விவசாயியிடம் நூற்றைம்பது பவுண்டு கொடுத்து ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தான். ஒரு பக்கத்து மட்கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஆட்டுப் புழுக்கை.

"மாமா, இது சாங்கி. ஆர்ன்ஹெம்ல இருந்த வண்டி."

"யார் சொன்னா?"

"வித்த விவசாயி."

"அவருக்கு யார் சொன்னா?"

"அவங்கப்பா."

செவிவழிச் செய்தி என்பது இங்கிலாந்திலும் இப்படித்தான் இருக்கிறது.

நம்மூரில் எந்த வனஸ்பதியானாலும் டால்டா. அங்கே ராணுவ டிரெய்லர் என்றால் சாங்கி. ஆனால் சாங்கி மட்டுமா செய்தார்கள்? வெஸ்ட் பிராம்விச்சில் பிராக்ஹவுஸ் செய்தார்கள். யுத்த காலத்தில் எஸ்.எஸ். கார்ஸ் என்ற கம்பெனி ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. 1922-ல் மோட்டார் சைக்கிளுக்கு சைட்கார் செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. யுத்தம் முடியும் தறுவாயில் எஸ்.எஸ். என்றால் ஹிட்லரின் படை ஞாபகம் வருகிறதே என்று 1945-ல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஜாகுவார்! இன்று ஜாகுவார் வைத்திருப்பவரிடம் போய் 'உங்க கம்பெனி முன்னே வண்டிப்பெட்டி செஞ்சுதே' என்று சொல்லிப் பாருங்கள்.

இதைவிடப் பாவம் அமெரிக்காவின் பாண்டம் கம்பெனி. 1940-ல் ஜீப்புக்கு முதல் மாதிரியைச் செய்து காட்டியவர்கள் அவர்கள்தான். பெரிய ஆர்டரெல்லாம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. பாண்டமுக்குக் கிடைத்தது ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் ஆர்டர். பெண்ணைப் பார்த்து வைத்தவனைப் பந்தியில் தண்ணீர் ஊற்றச் சொன்ன கதை.

சாங்கிக்கு வருவோம். 1854-ல் பில்ஸ்டன் என்ற ஊரில் ஜோசப் சாங்கி ஆரம்பித்த தொழில், தகரத்தில் டீ டிரே செய்வது. அப்புறம் கார் சக்கரம், கார் பாடி என்று வளர்ந்து, 1920-ல் ஜி.கே.என். என்ற பெரிய நிறுவனத்துக்குள் போய், 1960களில் கவச வண்டியே செய்தார்கள். லேண்ட்ரோவருக்குப் பின்னால் போகும் முக்கால் டன் டிரெய்லரும் அவர்களுடையது. முக்கால் டன் என்றால் 15 ஹண்ட்ரட்வெயிட். ஒரு ஹண்ட்ரட்வெயிட் நூறு பவுண்டு இல்லை, 112 பவுண்டு. ஏன் என்று வெள்ளைக்காரனைக் கேட்காதீர்கள், அவனுக்குக் கோபம் வரும். யாழ்ப்பாணத்தில் இதையே 'அந்தர்' என்று அழகாகத் தமிழாக்கி வைத்திருந்தார்கள்.

சரி, இவன் வாசலில் நிற்பது யார் பெற்ற பிள்ளை? அங்கே சின்ன டிரெய்லர்களுக்குத் தனிப் பதிவு கிடையாது, ஆர்.சி. புக் கிடையாது. இழுக்கிற காரின் நம்பரையே பின்னால் எழுதி மாட்டிக்கொள்ள வேண்டும், புருஷன் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்வது போல. பிறந்த தேதி சொல்ல வேண்டிய உலோகத் தகடு முன்பக்கம் இருந்திருக்கிறது. இப்போது நாலு ரிவெட் ஓட்டைதான் பாக்கி.

"திங்கக்கிழமை சாண்ட் பிளாஸ்டிங்குக்கு புக் பண்ணிட்டேன் மாமா. மணலைப் பீய்ச்சி அடிச்சா எல்லாம் பளிச்னு ஆயிடும்."

எனக்குச் சுருக்கென்றது. நம் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் இதே மணலைப் பீய்ச்சி அடித்து, ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டை வழுவழுப்பாக்கிய கதை உங்களுக்குத் தெரியும். சுவர் சுத்தமாகத்தான் ஆயிற்று. அதில் எழுதியிருந்தது மட்டும் போய்விட்டது. பத்து நாள் தள்ளிப் போடு என்றேன். தாய்மாமன் வார்த்தைக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பிருக்கிறது, கடல் கடந்தும்.

முதல் வேலை, சக்கரம். இதில் விளையாட்டு இல்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவ வண்டிகள் பலவற்றில் சக்கரமே இரண்டு பாதி. சாதத்தட்டு இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து போல்ட் போட்ட மாதிரி, நடுவில் டயர். நட்டுகளில் இரண்டு ஜாதி: ஒன்று சக்கரத்தை வண்டியில் பிடிப்பது, இன்னொன்று இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிப்பது. காற்று இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால் பாதிச் சக்கரம் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். குனிந்திருப்பவன் முகம் இருக்கும் இடத்துக்குத்தான் வரும். அதற்காகத்தான் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடிப்பார்கள். நம் ஆர்வலர்கள் என்ன செய்கிறார்கள்? வண்டியை அழகுபடுத்துகிறேன் என்று ஸ்பிரே கன்னை எடுத்து எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை! அடுத்து வாங்குகிறவன் ஸ்பானரோடு வருவான். அவனுக்கு யார் சொல்வது?

இவன் வண்டியில் ஒற்றைச் சக்கரம்தான். தப்பித்தான். ஐந்து போல்ட்.

"ஜீப்புக்கும் அஞ்சு போல்ட்தானே மாமா?" என்றான் ஆசையாக.

டேப்பை எடுத்தோம். போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் குறுக்களவு ஜீப்புக்கு ஐந்தரை அங்குலம், லேண்ட்ரோவருக்கு ஆறரை. இழுக்கும் வண்டியின் ஸ்டெப்னி டிரெய்லருக்கும் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கணக்கு. இங்கே ஆறரை. லேண்ட்ரோவர் பிறந்ததே 1948-ல். 1944-ல் ஆர்ன்ஹெமுக்கு அது எப்படிப் போகும்?

பையன் விடவில்லை. "பின்னாடி மாத்தியிருக்கலாம் இல்லே?"

நியாயமான கேள்வி. சக்கரம் மாறும், ஹப்கூட மாறும். ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. அடுத்த சாட்சி, திருகாணி.

பிரிட்டனில் 1841-லிருந்து விட்வொர்த் மரை. மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரைக்கு 60 டிகிரி. சமாதான காலத்தில் அவரவர் மரை அவரவர்க்கு. யுத்தத்தில் இரண்டு நாட்டு வண்டிகளும் ஒரே பட்டறைக்கு வந்தபோதுதான் இவன் நட்டு அவன் போல்ட்டில் ஏறாது என்ற உண்மை உறைத்தது. 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் உட்கார்ந்து பொது மரைக்கு ஒப்புக்கொண்டன, 60 டிகிரிக்கே. அந்தப் பொது மரை போல்ட் என்று தெரிய தலையில் ஒன்றையொன்று தொட்டபடி சின்னச் சின்ன வட்டங்கள் பதிப்பார்கள். ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த போல்ட், யாரும் கைவைத்த அறிகுறி இல்லாதது, அதன் தலையைத் துடைத்தால்... மூன்று வட்டம்.

பையன் முகம் சுருங்கியது. எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

கடைசி சாட்சி பெயிண்ட். பின் கதவின் உட்புறம் தண்ணீர் தொட்டு, மெல்லிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்தோம். (பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும், உலர்ந்த தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதை வாயால் ஊதவே கூடாது. டாக்டருக்கே நான் சொல்ல வேண்டியிருந்தது.) வெங்காயம் உரிப்பது போல ஒவ்வொரு வட்டமாக வெளியே வந்தது. மேலே விவசாயியின் நீலம். அதற்குக் கீழே பளபளப்பில்லாத நேட்டோ பச்சை. அதற்கும் கீழே கறுப்போ பச்சையோ என்று சந்தேகப்பட வைக்கும் பளபளப்பான ஒரு நிறம். டீப் பிரான்ஸ் கிரீன். பிரிட்டிஷ் ராணுவத்தின் யுத்தத்துக்குப் பிந்தைய கல்யாணப் பட்டு. அதன் கீழே பிரைமர், அப்புறம் வெறும் இரும்பு. யுத்த கால வண்டியென்றால் ஒரு பழுப்பு தெரிய வேண்டும். பச்சை நிறமி தட்டுப்பாட்டால் 1942 வாக்கில் எல்லாவற்றுக்கும் பழுப்புதான் அடித்தார்கள். 1944-ல் ஆலிவ் நிறத்துக்கு மாறினார்கள், அமெரிக்காவிலிருந்து வருகிற வண்டிகளுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கிற வேலை மிச்சம் என்று. இங்கே இரண்டும் இல்லை.

ராணுவப் பட்டறையில் ஒருமுறை முழுக்கச் சுரண்டியிருக்கலாம் என்று வாதாடலாம்தான். ஆனால் தேய்த்த இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளை எழுத்தின் விளிம்பு ஒன்று எட்டிப் பார்த்தது. அரை நாள் தேய்த்தோம். இரண்டு எண், இரண்டு எழுத்து, இரண்டு எண். யுத்தத்துக்குப் பிந்தைய ராணுவப் பதிவெண் முறை அது. யுத்த காலத்து டிரெய்லர் என்றால் எக்ஸ் என்ற எழுத்தில் தொடங்கும். திங்கட்கிழமை மணல் அடித்திருந்தால் இந்த ஆறு எழுத்தும் மணலோடு போயிருக்கும்.

"அப்போ இந்த அம்புக்குறி?" என்று ஏர்க்காலைக் காட்டினான். வார்ப்பில் மூன்று கோடு மேலே கூடும் ஒரு குறி, தலைகீழாகப் போட்ட நாமம் போல. அரசாங்கச் சொத்து என்பதற்கான பிராட் ஏரோ முத்திரை அது. ஒரு காலத்தில் ஜெயில் கைதிகளின் சட்டையில்கூடப் போட்டார்கள். யுத்தத்துக்கு முன்னும் போட்டார்கள், பின்னும் போட்டார்கள். சர்க்கார் சொத்து என்று சொல்லுமே தவிர, எந்த வருஷத்து சர்க்கார் என்று சொல்லாது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தான். "மாமா, புதுசா பித்தளைத் தகடு அடிச்சுத் தர்றாங்க. என்ன வருஷம் வேணுமோ போட்டுக்கலாம். நாலு ரிவெட் ஓட்டையும் ரெடியா இருக்கு..."

"நீ எக்ஸ்ரேயில பேஷண்ட் பேரை மாத்துவியா?"

சோற்றைப் பிசைந்தபடி சும்மா இருந்தான். அவன் பெண்டாட்டிதான் சிரித்தாள்.

விஷயம் பெருமை மட்டும் இல்லை. அங்கே மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் போகக்கூடிய டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். இவனுடையது சுமையோடு அதைத் தாண்டும். இதில் இருப்பது ஓவர்ரன் பிரேக். மாட்டு வண்டி இறக்கத்தில் மாட்டை முன்னால் தள்ளுமே, அதே சங்கதிதான். கார் வேகம் குறைந்தால் டிரெய்லர் முன்னால் வந்து முட்டும். அந்த முட்டல் ஏர்க்காலுக்குள் ஒரு தண்டை உள்ளே தள்ளி, அது கம்பியை இழுத்து, பிரேக்கைப் பிடிக்கும். ரொம்ப சாமர்த்தியம், ரிவர்ஸ் எடுக்கும் வரை. ரிவர்ஸிலும் அதே முட்டல்தானே? அப்போதும் பிரேக் பிடித்துக்கொள்ளும். இறங்கிப் போய்க் கையால் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் பின்னால் தள்ள வேண்டும். 1982 அக்டோபருக்குப் பிறகு செய்த டிரெய்லரில் இந்த பிரேக் ரிவர்ஸில் தானாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பழசுக்கு விலக்கு. வண்டி எப்போது பிறந்தது என்பதை போலீஸ்காரரும் கேட்கலாம் என்று அர்த்தம்.

சாண்ட் பிளாஸ்டிங் ரத்து. ஸ்பிரிங் போல்ட்டுகள் புதுசு, பிரேக் லைனிங் புதுசு, தேய்ந்த இழுவை வளையமும் புதுசு. துருப்பிடித்த அடித்தட்டை மட்டும் வெட்டி வெல்டிங். அந்தப் பதிவெண்ணை எழுதி ஒரு ராணுவ அருங்காட்சியகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறான். பதில் வந்தால் இந்தப் பெட்டி எந்தப் படையோடு எந்த முகாமில் வேலை பார்த்தது என்று தெரியலாம். பழைய டீப் பிரான்ஸ் கிரீனையே வாங்கி வெளியே அடித்தான். பின் கதவின் உட்புறம் நாங்கள் தேய்த்த இடத்தை மட்டும் ஒரு தோசையளவுக்கு அப்படியே விட்டு, மேலே வார்னிஷ் பூசினான். நீலம், பச்சை, கரும்பச்சை, இரும்பு, பக்கத்தில் அந்த ஆறு எழுத்து.

போட்டோ அனுப்பியிருந்தான். என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எல்லாம் நன்னாத்தான் இருக்கு. அந்த மூலையில மட்டும் ஏன் விட்டுட்டான்? பெயிண்ட் தீர்ந்துடுத்தா?"